காரணம்: ஒலிபெருக்கி பழுது

சிரிக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க சார். நடந்த சண்டைய விசாரிக்கப் போலீசு வந்து பாத்திருக்கேன், தாசில்தார் ஜீப்பு வந்து பாத்திருக்கேன். நடக்காத சண்டைய விசாரிக்கறதுக்குன்னு ஒரு மனுசன் இந்த வெயில்ல ரெண்டு பஸ்ஸு மாறி வந்து இன்னிக்குத்தான் பாக்குறேன். அந்தச் சேரு வேணாம், ஒரு காலு ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. மோரு குடிங்க மொதல்ல.

எங்க வூட்டுக்காரரு செட்டிகுளத்துல ஒரு கல்யாணத்துக்கு ரேடியோ கட்டப் போயிருக்காரு. சோத்து நேரத்துக்கு வந்துருவாரு. பேரா? வாசல்ல போர்டுல எழுதியிருக்கே சார், ஜெயசித்ரா சவுண்டு சர்வீஸ், உரிமையாளர்னு போட்டு அதுக்குக் கீழ. நல்லா என் வாயால வரவைக்கப் பாக்குறீங்களே. ஜெயசித்ரா எங்க பொண்ணு, ஒரே பொண்ணு. இந்த வைகாசியிலதான் துறையூருக்குக் கட்டிக் குடுத்தோம். எம் பேரு அம்மாக்கண்ணு. எழுதிக்குங்க, அது போர்டுல இருக்காது.

அப்ப சம்பளமே கெடையாதா? பஸ்ஸுக்குக் கூடவா? கட்சி இல்ல, கோயில் இல்ல, சர்க்காரும் இல்ல. நீங்களா பத்துப் பேரு சேந்துகிட்டு, எந்த ஊருல வெட்டு குத்து வரவேண்டியது வராமப் போச்சோ அங்க போயி, ஏன் வரலன்னு எழுதி வைக்கிறீங்க. அமைதி ஆராய்ச்சி. ம்ம். போஸ்டாபீசுல ரிட்டயரானதுக்கு அப்புறம் வூட்டுல அம்மா வெரட்டி விட்டுட்டாங்களா? சும்மா கேட்டேன் சார், மோருல பொரையேறிறப் போவுது.

போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சே, பிரவீணான்னு, பெரம்பலூர் காலேஜுல படிக்கிற புள்ள. அதுவும் ஒங்க ஆளுதானா? டீக்கடையில நாலு ஆம்பளைங்களக் கேட்டு எழுதிகிட்டுப் போச்சு. என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம். மோதல் நடக்காமைக்குக் காரணம், ஒலிபெருக்கி பழுது. அவ்வளவுதானா? சரிதான். ஆனா நீங்க வெவரமான ஆளு சார். ஒரு மிசினு கெட்டதுக்கா ஊரே கம்பக் கீழ போடும்னு சந்தேகம் வந்துதான வந்திருக்கீங்க. அந்தச் சந்தேகம் இந்த ஊருல ஒருத்தருக்கும் வரல பாருங்க.

அது என்ன சட்டம் சொன்னீங்க, திருப்பிச் சொல்லுங்க. நான் சொல்றத எழுதிக்குவீங்க, அவரு வந்ததும் அவரு முன்னாடியே வாசிச்சுக் காட்டுவீங்க. சத்தமாவா? ம். அவருக்கு இல்லன்னு பட்டா அவரே வாயத் தொறந்து சொல்லணும், தலையாட்டுனா செல்லாது. ரெண்டு பேரும் எதுக்க எதுக்க இருக்கயில. யாரு போட்டது இந்தச் சட்டத்த? நீங்களேவா? நல்லாருப்பீங்க சார். மறந்துறாதீங்க, வந்தவுடனே வாசிச்சுறணும்.

சொல்றேன். நான் வெங்காயம் ஆஞ்சுகிட்டே சொல்றேன், சாயங்காலம் யாவாரி வந்துருவான்.

தொண்ணூத்தெட்டு சித்திர மாசம். எங்கூரு மாரியம்மனுக்குப் பால்குடம். ஊருல மேலத்தெரு, கீழத்தெருன்னு ரெண்டு தெரு. எல்லாம் ஒரே சனம், பொண்ணு குடுத்து எடுக்கறவங்கதான். நான் கீழத்தெருவுல பொறந்து மேலத்தெருவுக்கு வாக்கப்பட்டவ. கோவிச்சுகிட்டுப் பொறந்த வூட்டுக்குப் போனம்னு வைங்க, கோவம் முழுசா ஏறறதுக்குள்ள வூடு வந்துரும்.

எந்தத் தெருப் பால்குடம் மொதல்ல கோயிலுக்குள்ள போறதுன்னு வருசா வருசம் இழுபறிதான். அந்த வருசம் முத்திப்போச்சு. மைக்குல எந்தத் தெருப் பேர மொதல்ல கூப்புடுறாங்களோ அதுதான் மொதல்னு ஆயிருச்சு. கூப்புடறது யாரு? எங்க வூட்டுக்காரரு. அப்ப இருவது வருசமா கோயில் மைக்கு அவருதான். கொரலு அப்படி சார். ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குக்கூட கூப்புட்டுப் போயிருக்காங்க. இவரு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், கூட்டத்துல காணாமப் போன புள்ளைங்க பயந்துகிட்டுத் தானா வந்து நின்னுரும்.

அப்ப ஒரு ஆம்ப்ளிஃபையரு வச்சிருந்தாரு, திருச்சியிலேருந்து வாங்கியாந்தது. அதுக்கு வெல்வெட்டுத் துணி போத்துவாரு. வெள்ளிக்கெழமையானா சந்தனம், குங்குமம். பொண்டாட்டிக்குப் பூ வாங்க மறந்தாலும் அதுக்குப் பொட்டு வைக்க மறக்க மாட்டாரு. எம் மிசினு இன்னிவரைக்கும் ஒரு இருமல் இருமுனதில்லன்னு ஊரு பூரா பெரும. காலையில வாசல்ல வச்சு டெஸ்டிங், ஒண்ணு ரெண்டு மூணும்பாரு, நான் அடுப்படியிலேருந்து நாலுன்னு கத்துவேன். அது இப்பவும் உண்டு. அவரு மூணோட நிறுத்துவாரு, நான் நாலு சொல்லிருவேன். ஆமா, ஏதோ ஒரு பழக்கம்.

இருங்க, செல்லு அடிக்குது. எடுக்க வேணாம் சார், எடுக்க வேணாம். ரெண்டு தடவ அடிச்சு நின்னுச்சா? பஸ்ஸு ஏறிட்டாருன்னு அர்த்தம். ஒரு தடவன்னா லேட்டாவும். எடுத்துப் பேசுனா என்னவா? காசு மிச்சம்னு வச்சுக்குங்களேன்.

எங்க விட்டேன்? ஆங், அன்னிக்குக் காலையில. கீழத்தெருப் பால்குட வரிசையப் பாக்கலாம்னு போயி நின்னேன். எங்க அண்ணன் உத்திராபதி மஞ்சத் துணி கட்டிகிட்டு மொத ஆளா நிக்கிது. எல்லாம் இருக்கு, ஆனா எனக்கு என்னமோ கொறையுதுன்னு பட்டுச்சு. அப்புறந்தான் பாக்குறேன், புள்ளைங்க ஒண்ணுகூட இல்ல சார். பால்குடத்துக்குப் புள்ளைங்க இல்லாம இருக்குமா? காலுல மிதிபடுமே. எங்க அண்ணியக் கேட்டா, லீவுக்கு எங்கம்மா ஊருக்கு அனுப்பிட்டேங்கிறா, எம் மூஞ்சியப் பாக்காம. பக்கத்துல நின்னவளும் அதையே சொல்றா. திரும்பி வந்து எங்க தெருவப் பாத்தா இங்கயும் அதே கதை. எம் பொண்ணு மட்டுந்தான் வெவரம் தெரியாம ரிப்பன் கட்டிகிட்டு நிக்கிது. எங்ககிட்ட யாரும் சொல்லல. நான் கீழத்தெருப் பொண்ணுல்ல, போயி சொல்லிருவேன்னு.

கொல்லையில சோளத்தட்டப் போரு ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. கைய விட்டுப் பாத்தா உள்ள கம்பு, ஈட்டி மாதிரி சுளுக்கி, என்னென்னமோ. என்னா சார் இவ்வளவு வேகமா எழுதுறீங்க? புள்ளைங்கள ஊர விட்டு அனுப்பறதுக்கு ஒங்க ஃபாரத்துல கட்டம் இல்லையா? இத்தினி வருசம் ஆராய்ச்சி பண்ணி அது இல்லையா? அப்பப் புதுசாப் போட்டுக்குங்க. அடுத்த ஊருக்குப் போனா மொதல்ல புள்ளைங்க எங்கன்னு கேளுங்க.

வூட்டுக்குள்ள வந்தா, இவரோட அண்ணன் ராசாங்கம் ஒரு தாளை இவரு கையில குடுத்துகிட்டு நிக்கிறாரு. மேலத்தெருன்னு மொதல்ல வாசி, மத்தத நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இவருக்குப் புரியாமயா இருக்கும்? ஆனா அண்ணன எதுத்து ஒரு வார்த்த வராது. நான் காலப் புடிக்காத கொறையாக் கெஞ்சுனேன். தொண்ட கட்டிப்போச்சுன்னு சொல்லிருங்க, வயித்து வலின்னு படுத்துக்குங்கன்னேன். ஊரு நம்பிக் குடுத்த மைக்கு, நான் பொய் சொல்ல மாட்டேன்னுட்டாரு. எப்பேர்ப்பட்ட உத்தமரு பாருங்க. மொதல்ல நிக்கிறது எங்க அண்ணன், மொத அடி அது தலையிலதான் விழும்னு நான் பொலம்புறேன், இவரு சட்டைக்கு இஸ்திரி போடுறாரு.

பதினோரு மணி சுமாருக்குக் கேரியர்ல சாப்பாடு எடுத்துகிட்டுப் போனேன். கோயிலுக்குப் பக்கத்துல கீத்து மறைப்பு, உள்ள அவரும் மிசினும் மட்டுந்தான். வெளிய இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். மேளம்கூட நின்னுபோச்சு. தாளப் பிரிச்சாரு. கனைச்சாரு, கனைப்பு ஊரு பூரா கேட்டுச்சு. பக்தகோடிகளேன்னாரு. நான் கேரியர்ல மேலடுக்கத் தொறந்து, மிசினு மேல ஓட்ட ஓட்டையா இருக்குமே, அதுல ரசத்த ஊத்திட்டேன்.

ரசம் சார், ரசம். மொளகு ரசம், சுடச்சுட. எழுதுங்க, ஏன் நிறுத்திட்டீங்க? யோசிச்செல்லாம் செய்யல. மேலடுக்குல சாம்பாரு இருந்திருந்தா சாம்பாரு. உஸ்ஸுன்னு ஒரு சத்தம், பொகை, பெருங்காய வாசம் கும்முனு. அப்புறம் சத்தமே இல்ல.

வெளிய அத்தினி பேரும் ரேடியோக் கொழாயப் பாத்துகிட்டு நிக்கிறாங்க. பக்தகோடிகளே, அதுக்கப்புறம் என்னன்னு. யாரு மொதல்னு தெரியாம யாரப் போயி அடிக்கிறது? வெயிலு ஏறுது, பாலு திரியப் போவுதுன்னு பொம்பளைங்க சத்தம் போடுறாங்க. பூசாரி அய்யம்பெருமாள் மூக்க ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு, ஆத்தாளுக்கு மொதலு ரெண்டாவதுல இஷ்டமில்ல, அதான் மைக்கோட வாயக் கட்டிட்டான்னு ஒரே போடாப் போட்டாரு. ரெண்டு தெருவுலயும் மொத ஆளக் கையப் புடிச்சு, சோடியா உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. அவருக்கு வாசம் தெரிஞ்சிருக்கும்னுதான் எனக்குத் தோணும், ஒருநாளும் கேட்டுக்கல. அன்னிலேருந்து இன்னிவரைக்கும் பால்குடம் சோடி சோடியாத்தான் போவுது. மைக்குல பேரு கூப்புடறதே கெடையாது.

எம் பேர மாத்தித்தான் போடுவீங்களா? அப்ப நல்ல பேரா வைங்க சார், கெழவி பேரா வச்சுறாதீங்க.

அவருக்குத்தான் கஷ்டம். பக்தகோடி செட்டுன்னு பட்டப்பேரு வச்சுட்டாங்க. எங்க போனாலும், என்னப்பா பக்தகோடி, இன்னிக்காவது பாடுமான்னு கேப்பாங்க. பொண்டாட்டி தெருவுக்காக மிசின நிறுத்திட்டான்னு அவங்க அண்ணன் ரெண்டு வருசம் மொகம் குடுக்கல. கோயில் மைக்கும் போச்சு. திருச்சியில மெக்கானிக்கு தொறந்து பாத்தா உள்ள கருவேப்பல. எலி தூக்கியாந்து போட்டுருச்சுன்னு சொல்லியிருக்காரு இவரு. பொய் சொல்லாத உத்தமரு சார் அவரு! அந்த மெக்கானிக்கு எங்க பொண்ணு கல்யாணத்துக்கு வந்தப்ப சிரிச்சுகிட்டே சொல்லித்தான் எனக்கே தெரியும். யாரு கேட்டாலும் மிசினு பழுது, மிசினு பழுது. எம் பேரு அவரு வாயிலேருந்து வரவேயில்ல. வந்திருந்தா ரெண்டு தெருவும் ஒத்துமையாச் சேந்து என்ன ஒரு வழி பண்ணியிருக்கும்.

அடுத்த கட்டம் என்ன? பாதிப்பு. அந்தப் பொண்ணு என்ன போட்டிருக்கு? இல்லைன்னு எழுதிக் கோடு கிழிச்சிருக்கா? அத அடிச்சிருங்க சார்.

பொகை வந்தப்ப நான் கைய எடுக்கத் தெரியாம அப்படியே நின்னுட்டேன். அவரு பாஞ்சு வந்து எங் கையத் தட்டிவிட்டாரு. கைய எடு புள்ள, கரண்டு இருக்குன்னாரு. கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, கொப்புளிச்சிருக்கான்னு. அப்புறந்தான் மிசினப் பாத்தாரு. அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல.

இல்ல சார், அன்னிக்கு மட்டும் இல்ல. ஒம்பது வருசமா.

சோறு போட்டா சாப்புடுவாரு. எனக்குக் காய்ச்சல்னா மாத்திர வாங்கியாந்து தலமாட்டுல வப்பாரு. பேச்சு மட்டும் பொண்ணு வழியா. ஜெயசித்ரா, சுண்ணாம்பு எங்கன்னு கேளு. ஜெயசித்ரா, மாடத்துல இருக்குன்னு சொல்லு. நடுவுல நின்னு நின்னே அது வளந்துருச்சு. இப்ப அதுவும் போயிருச்சா, செவுத்தப் பாத்துப் பேசுறாரு. தண்ணி இருந்தாத் தேவலன்னு செவுத்துகிட்ட சொல்றாரு. செவுருக்குக் காலு இல்லையேன்னு நான் ஒரு சொம்பு கொண்டாந்து வைக்கிறேன். சிரிங்க சார், நானும் சிரிச்சுகிட்டுத்தான் இருக்கேன்.

கல்யாணத்தன்னிக்குக் கூப்புட்டாரு. மைக்குல. பொண்ணோட தாயார் மணவறைக்கு வரவும்னு. மண்டபத்துக்கு அது அறிவிப்பு. எனக்கு ஒம்பது வருசத்துல அது ஒண்ணுதான். இன்னொரு தடவ கூப்புடட்டும்னு பந்தி மறைப்புக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டேன். மூணு தடவ கூப்புட்டாரு சார். சம்பந்தி வூட்டுக்காரங்க, பொண்ணோட அம்மாவக் காணோமேன்னு தேடிகிட்டு வந்துட்டாங்க.

இப்பக் கோவம் இருக்கும்னு நெனைக்கல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமக் கெடக்காரு. எனக்கு அவரு பேசணும் சார். திட்டட்டும், இவ சொல்றது பூரா பொய்யின்னாவது சொல்லட்டும். நீங்க அவரத் தேடிகிட்டு வந்து நின்னப்ப, சாயங்காலம் வாங்கன்னு அனுப்பியிருப்பேன். வாசிச்சுக் காட்டுவோம்னீங்க பாருங்க, அதுக்குத்தான் உக்கார வச்சேன்.

அந்தா, துண்ட ஒதறிகிட்டு வர்றாரு. ஒரு வரி விடாம வாசிக்கணும், தலையாட்டுனா விட்டுறாதீங்க. இருந்து நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க, எல போடுறேன். அப்புறம் கடைசியா ஒரு கேள்வி சேத்துக்குங்க சார், கட்டம் இல்லாட்டி ஓரத்துல எழுதிக்குங்க. ரசத்துல உப்பு சரியா இருக்கான்னு அவரக் கேளுங்க. ஒம்பது வருசமா வச்சுகிட்டேதான் இருக்கேன், எனக்குத் தெரியவே இல்ல.