சத்தம் வர்ற வரைக்கும்

இல்லீங்க சாமி, பாவத்தைச் சொல்ல இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க. கொஞ்சம் பேசிக்கறேன். கல்யாணப் பொண்ணு பாவசங்கீர்த்தனம் பண்ணா நேரமாகும்னு வெளிய நிக்கற கஸ்பார் அண்ணனுக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஏரியூர் வந்தவதானுங்க, திரும்ப பஸ் ஏத்தவே இல்ல. கொல்லைக்குப் போனாக்கூட அண்ணி பின்னாலயே வருது. எங்க வூட்டாளுங்க கூடவே நுழைய முடியாத எடம் இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒண்ணுதான்.

என்ன படிக்கறேன்னா? பெங்களூர்ல நட்சத்திர ஆராய்ச்சிங்க. நட்சத்திரத்து வயித்துக்குள்ள பொறக்கற வெளிச்சம் லேசுல வெளிய வராதுங்க சாமி. முட்டி, மோதி, திரும்பி, மறுபடி முட்டி, பல ஆயிரம் வருசம் உள்ளயே கெடந்து அல்லாடும். ஆனா ஆக்சியான்னு ஒரு துகள் இருக்கலாம்னு சொல்றாங்க. ரொம்ப லேசு. அது எதுலயும் முட்டாது. சூட்டையும் தூக்கிக்கிட்டு நேரா வெளிய போயிருமாம்.

இல்லீங்க, யாரும் பாத்ததில்ல. பாக்காததை எப்படி நம்பறதுன்னு நீங்களே கேக்கறீங்களே சாமி! சூடு திருட்டுப் போனா கெழட்டு நட்சத்திரம் வெரசா எரிஞ்சு தீந்துரும். அப்ப வானத்துல அந்த வயசு நட்சத்திரம் கொறச்சலா இருக்கணுமில்லீங்களா? அதைத்தான் போட்டோவுல எண்ணறேன். இதுவரைக்கும் கொறச்சலாத் தெரியல. துகள் இல்லவே இல்லியோ என்னவோ. பாதிதான் எண்ணியிருக்கேன், மீதி அங்கயே கெடக்கு.

அது ஒண்ணுமில்லீங்க, அண்ணன் செருமுது. மெதுவாப் பேசறேன்.

மாப்பிள்ள சின்னப்பராஜ் கெட்டவரில்லைங்க. இண்டூர்ல தோட்டந்தொரவு இருக்குது. பொட்டப்புள்ளைக்குப் படிச்சது போதும்னுட்டாரு, அவ்வளவுதான். நான் வேணாம்னேன். அண்ணன் என் கன்னத்துல அறைஞ்சிருச்சு. எங்கம்மா அழுதுக்கிட்டே சீல எடுக்கக் கெளம்பிட்டாங்க.

இங்க சொன்னதை நீங்க வெளிய சொல்லக்கூடாதுன்னு தெரியுங்க. சொல்ல வேணாம். ஒண்ணே ஒண்ணுதான். நம்ம ஊர்ப் பக்கம் பீடத்துக்கு முன்னால சம்மதமான்னு கேட்டா பொண்ணு தலையக் குனியும். வெக்கப்படுதுன்னு எல்லாரும் சிரிப்பாங்க, சாமியாரும் அடுத்த செபத்துக்குப் போயிருவாரு. எங்க ரோசம்மாக்கா வாயே தெறக்கலீங்க. கல்யாணம் முடிஞ்சிருச்சு.

நாளைக்குக் குனிஞ்ச தலைய சம்மதம்னு எடுத்துக்காதீங்க சாமி. மைக்க எங்கிட்ட நீட்டி, சத்தம் வர்ற வரைக்கும் நில்லுங்க.

நான் இல்லைன்னு சொல்லப் போறேன்.