பந்தும் மட்டையும்

கோவில்பட்டியில் இருந்து பசுவந்தனை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்.

"எம்மவ இனிமே பாதி ஆளாத்தான் ஆடுவா, மதினி."

"ஏட்டி, இந்தியாவுக்கே கிரிக்கெட் ஆடுத பிள்ளையப் போயி பாதி ஆளுங்குதியே!"

"முதுகெலும்புல கீறலாம். பந்து போடுதத இத்தோட விட்டுரணும், மட்டை மட்டும் பிடிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாவ."

"சரி, பிடிக்கட்டுமே."

"ரெண்டும் செய்வான்னுதான அவள எடுத்தாவ."

"ஆமா, ரெண்டு வேல பாக்குத மருமகளுக்குத்தான் அங்கனயும் மவுசு போல" என்றார் மதினி. இருவருமே சிரிக்கவில்லை.

"ஆட்டத்தையே விட்டுட்டு வாரேன்னு சொல்லுதா, மதினி. நம்ம புஞ்சையில பருத்திக்கு ஊடால உளுந்தும்லா போடுதோம், உளுந்து போச்சுன்னா பருத்தியப் பாரு தாயின்னு சொன்னேன்."

"சரியாத்தான சொல்லியிருக்க."

"மழையில உளுந்து பூரா அழுகுச்சே, அன்னைக்கு நீ அழலையாம்மான்னு கேட்டா. போனை வச்சிட்டேன்."

மதினி அவர் பக்கம் திரும்பினார்.

"அழுதியா?"

"அழாம? வரப்புல உக்காந்து அழுதேன். அழுதுட்டுத்தான் பருத்திக்குக் களையெடுக்கப் போனேன்."

"அதை அவகிட்டச் சொல்லு முதல்ல."

வழியில் அவர்கள் ஊர் வந்ததும் இருவரும் இறங்கினார்கள். அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார். பஸ் நகரும்போது அவர் குரல் கேட்டது.

"அழுதேன் தாயி."