முயல் டீச்சர்

— ஏங்க, கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரி ஏன் குறுக்கும் நெடுக்கும் நடக்கறீங்க? உக்காந்து இந்தப் பெட்டிக்கு டேப் ஒட்டுங்க. கூரியர்காரர் வந்துடுவார்.

— அட இரும்மா. பணம் இன்னும் 'நிலுவை'ன்னுதானே காட்டுது?

— பேங்க் கணக்குலேர்ந்து நேரா எடுக்கறதுன்னா அப்படித்தான், மூணு நாலு நாள் ஆகும். கார்டு மாதிரி டக்குனு தெரியாது. போன வாரம்தான் நம்ம ஆன்லைன் கடையில அந்த வசதியைப் போட்டேன், முதல் ஆளா நம்ம முயல் டீச்சரே வந்துட்டாங்க பாருங்க!

— பணம் சேராம அனுப்பாதேம்மா. சொல்றேன்ல.

— மாசம் தவறாம என் துணி முயலை வாங்கறவங்க. அவங்க ஒருத்தர் இல்லேன்னா இந்தத் தையல் மெஷினை எப்பவோ மூட்டை கட்டியிருப்பேன். அவங்களைப் போய்ச் சந்தேகப்படறீங்களே!

— சந்தேகமில்லம்மா... முயலுக்கு என்ன அவசரம், ஓடியா போயிடும்?

— ஜோக்கெல்லாம் அப்புறம். இருங்க, ஏதோ மெசேஜ்... ஐயையோ! பேங்க்ல திருப்பிட்டாங்க. கணக்குல பணமில்லையாம்.

— விடும்மா. போனை இப்படிக் குடு.

— கையை எடுங்க. கணக்கு யாரோடதுன்னு போட்டிருக்கு... ஏங்க, இது உங்க பேரு!

— டேப் எங்கேம்மா? பெட்டியை ஒட்டிடறேன்.

— என்னங்க இது?

— டீச்சர் நிஜம்தாம்மா. என் ஃப்ரெண்டோட அக்கா. பொம்மையெல்லாம் அவங்க கிளாஸ் பசங்ககிட்டதான் இருக்கு, கீழேயே வைக்கறதில்லையாம். பணம் மட்டும் நான் கட்டினேன். கடை திறந்த புதுசுல ஒண்ணுமே விக்கலேன்னு நீ சாப்பிடாம படுத்துட்டே. என்னால பார்க்க முடியலை.

— வழக்கம்போல கார்டுலயே கட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே.

— கார்டு கமிஷன் உன் தலையில விழுதுன்னு நீதானே புலம்பினே? இதுல கட்டினா உனக்குக் கொஞ்சம் மிச்சமாகுமேன்னு...

— அட லூசு மனுஷா! என்கிட்டயே வாங்கி எனக்கே மிச்சம் பிடிச்சீங்களா? அழறதா சிரிக்கறதான்னு தெரியலை.

— சிரிச்சுடும்மா. முயலை எடுத்து அலமாரியில வெச்சுடட்டுமா?

— இருங்க, இருங்க. இது உங்க சம்பளம் வர்ற கணக்காச்சே. ஒண்ணாந்தேதி போய் ஒரு வாரமாச்சு. அதுல எப்படிப் பணமில்லாம போகும்?

— அது வந்து... ஆபீஸ்ல இந்த வாரம் போட்டுடறேன்னாங்க...

— என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. தினமும் காலையில டிபன் பாக்ஸ் கட்டிக் குடுக்கறேனே, அதை எங்கே உக்காந்து சாப்பிடறீங்க?