தென்சேரிக் கொம்பு

தோணி வலிக்கும்போது பேசக்கூடாது, துரை. மூச்சு வீணாகும். அதனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. சவள் துடுப்பைப் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தேன். காலடியில், வலைக்கு அடியில், தச்சன் அசனார் மண்டை பிளந்து கிடந்தான். கரையில் நாற்பது ஐம்பது பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கல்லெறிந்தார்கள். ஒன்று என் தோளைப் பிய்த்தது. அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் நீங்கள், “கோணாமலை, நீ நல்ல மனிதன்” என்றீர்கள்.

இன்று வந்தது வேறு காரியமாக. கொம்புமுறிக்கு நீங்கள் போட்ட தடையை எடுக்கவேண்டும்.

முப்பத்தாறாம் ஆண்டுக் கலவரத்துக்கு மதமும் பழைய வழக்கமும்தான் காரணம் என்று நீங்கள் எழுதியதை உங்கள் கச்சேரி முதலியார் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அது சரியில்லை. அம்மன் மேல் வீண்பழி விழக்கூடாது என்பதற்காக நடந்ததைச் சொல்கிறேன்.

வைகாசியில் கண்ணகை அம்மனுக்கு நாங்கள் கொம்பு முறிப்போம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, ஊர் இரண்டாகப் பிரிந்து இழுக்கும். வடசேரி ஒரு பக்கம், தென்சேரி மறுபக்கம். கொம்பு முறிந்தவன் தோற்றவன். வென்றவன் அவனை எப்படியும் பழிக்கலாம். கோயில் நடை சாத்தும்வரை தோற்றவன் கோபிக்கக்கூடாது. அது கட்டளை.

நான் வடசேரி. நான்கு வருடம் தொடர்ந்து தோற்றோம். தென்சேரிக்குத் தலைவன் சீனித்தம்பி, என் தங்கச்சியின் புருஷன்.

“என்ன மச்சான், இந்த வரிசமும் போயித்தா? அடுத்தமுற பெண்டிர சேலைய உடுத்திக்கு வாகா. வடத்த நாங்க இழுக்கம், நீ குரவ போடு.”

ஊரே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான்கு வருடமும் சிரித்தாள். நான் கோபிக்கவில்லை.

முறிக்கும் நாள்வரை இரண்டு கொம்புகளும் அசனாரின் கொட்டிலில் இருக்கும். அவன் களப்புக்கு அக்கரைக் காத்தான்குடியிலிருந்து வந்து எங்களுக்குக் கலப்பை செய்தவன். எந்தச் சேரியிலும் சேராதவன் என்பதால் இரண்டு பகுதியும் அவனை நம்பியது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகும்போது அவன் கொட்டிலைப் பூட்டுவதில்லை. அந்த நேரத்தில் போனேன். தென்சேரிக் கொம்பில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து, உள்வளைவில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கத்தியால் அறுத்து, மெழுகு பூசி, மறுபடி கயிற்றைச் சுற்றினேன். அரைமணி வேலை.

சனிக்கிழமை மூன்றாவது இழுவையில் கொம்பு முறிந்தது. சேலைக் கதையைத் திருப்பிச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் சீனித்தம்பி துண்டைக் கையில் எடுத்துவிட்டான்.

“இது முறிஞ்ச இல்ல. வெட்டின.”

எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அப்போது நான் சொன்னது ஒரே பேச்சு: “கொம்பு தச்சன்ட கொட்டிலுக்குள்ளதானே கிடந்த?”

அதில் பொய் இல்லை. மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “சோனகன் அம்மன்ட கொம்பில கை வச்சித்தான்டா!” என்று கத்தியது வேறு யாரோ.

கொட்டிலிலிருந்து அவனை இழுத்து வந்தார்கள். கலப்பை செய்த கை என்பதால் கையிலேயே தொடங்கினார்கள். அவனுடைய மரச்சுத்தியல் கொட்டாப்புளியால் விரல் விரலாக நசுக்கினார்கள். “ஆருடா வெட்டின?” என்று ஒவ்வொரு விரலுக்கும் கேட்டார்கள். “எனக்குத் தெரியா” என்றான். கடைசியில் சீனித்தம்பி முறிந்த கொம்பாலேயே தலையில் போட்டான். அந்தக் குழப்பத்தில்தான் நான் அவனைத் தூக்கித் தோணியில் போட்டேன்.

அவனைப் பிணமாகக் காத்தான்குடித் துறையில் இறக்கிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று நாளில் இரண்டு கரையிலுமாக ஏழு பேர். ஒருவனை வயல்வட்டைக்குள் துரத்தி, வரம்பில் வைத்து மண்வெட்டியால் வெட்டினார்கள். அசனாரைக் கொன்றதற்காகச் சீனித்தம்பியை மாசியில் தூக்கிலிட்டீர்கள். என் தங்கச்சி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள்.

அசனாரின் மனைவி ஆசியா உம்மா ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்குச் சோறு அனுப்புகிறாள். “நீங்கதானே என்ட மனிசன மண்ணுக்குக் கொணந்து சேத்த” என்று சொல்லி அனுப்புகிறாள். மதம்தான் காரணம் என்றால் அந்தச் சோறு வருமா, துரை? வழக்கம்தான் காரணம் என்றால், வழக்கம் கோபிக்காதே என்றுதானே சொன்னது? தடையை வைகாசிக்கு முன் எடுங்கள். என்னை என்ன செய்வதானாலும் அதற்குப் பிறகு செய்யுங்கள். இந்தமுறை வடசேரி அறுக்காமலே வெல்லும். அதை நான் பார்க்கவேண்டும்.

என் பிழை ஒன்றுதான். கத்தியைக் கொட்டிலில் மறந்து வைத்துவிட்டேன்.

அன்று தோணியில், கண்டல் மரத் தீவு கரையை மறைத்த பிறகு அசனார் கண் திறந்தான். தலையில் பட்ட அடியிலேயே உயிர் போனதாக டாக்டர் சொன்னது பிழை.

“மடியில இரிக்கு கூட்டாளி. நீயே எடு, என்ட கை ஏலா.”

எடுத்தேன். பிடியில் செப்புக்கம்பி சுற்றிய என் கத்தி.

“வெள்ளிக்கிழமையே கண்ட நான். ஒருத்தருக்கும் சொல்லல்ல, சொல்லவும் மாட்டன். அடுத்த வரிசம் நேர்மையா இழு, என்ன?” அந்த நிலையிலும் சிரித்தான்.

அவன் சொல்லமாட்டான் என்பதை நான் முழுதாக நம்பினேன். ஆனால் தெரிந்துகொண்டே வருடாவருடம் என்னைப் பார்ப்பான்.

முகம் கழுவவேண்டும் என்றான். கைத்தாங்கலாகத் தண்ணீரில் இறக்கிவிட்டு நானும் இறங்கினேன். குனிந்தான். என் கை அவன் பிடரியில் இருந்தது. மற்றதை அம்மன் செய்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அந்த இடத்தில் களப்புத் தண்ணீர் இடுப்பளவுதான், துரை. எழுந்து நிற்க அவன் மூன்று தடவை முயன்றான்.