மஞ்சள் அம்பு

ராத்திரி பன்னெண்டு தாண்டியிருக்கும்... ரோட்டுல ஈ காக்கா இல்ல. என் ஃப்ரெண்டோட சித்தப்பா தனியா பட்டறைக்கு நடந்து போறாரு. வீட்டுல படுத்தா தூக்கம் வரல அவருக்கு. ஏய், இப்பவே போர்வையை இழுக்காத! இன்னும் பேயே வரல.

நாடகத்துக்கு முகமூடி செய்யுற பட்டறை அது. சித்தி கம்ப்யூட்டர்ல முகத்தைச் செதுக்குவாங்க. சித்தப்பா அதைப் பிரிண்டர்ல போட்டுப் பிளாஸ்டிக்கா எடுப்பாரு. வேற ஊர்ல ஒரு கூட்டாளி அளவு சரி பார்ப்பாரு. மூணு பேருக்கும் ஒரே ஃபைல். யாரு கை வைக்கிறாங்கன்னு தெரிய, ஆளுக்கொரு கலர்ல அம்பு திரையில ஓடும். சித்தியோடது மஞ்சள்.

அந்தச் சித்தி காய்ச்சல்னு படுத்தாங்க... எழுந்திருக்கவே இல்ல. மனுஷன் இடிஞ்சு போயிட்டாரு.

முன்னாடி எப்பவோ விளையாட்டா சித்தி முகத்தை ஸ்கேன் பண்ணி வச்சிருந்தாங்க. லைட்டு கூசும்னு கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஃபைல்லயும் அப்படியேதான் இருக்கு. ஒரு தடவை அவ என்னைப் பார்த்தா போதும்னு, சித்தப்பா இமையைத் திறந்து செதுக்குனாரு.

காலையில பார்த்தா... மூடியிருக்கு.

மறுபடி திறந்தாரு. மறுபடி மூடியிருக்கு. கூட்டாளிக்குப் போனைப் போட்டுக் கத்துனாரு.

"அண்ணே, சத்தியமா நான் அந்த ஃபைலைத் தொடல. எனக்கு அதைப் பார்க்கவே தெம்பு இல்லண்ணே"ன்னாரு அவரு.

அன்னிக்கு ராத்திரி சித்தப்பா லைட்டை அணைச்சிட்டுக் காத்திருந்தாரு. சித்தியோட கம்ப்யூட்டருக்கு ஒயரைக்கூடப் பிடுங்கியாச்சு. பிரிண்டர் ஃபேன் மட்டும்... ஸ்ஸ்ஸ்...

சித்தப்பாவோட திரையில மஞ்சள் அம்பு வந்துச்சு. அவசரமே இல்லாம இமையைக் கீழே இழுத்து விட்டுச்சு.

"ஏண்டி... ஒரே ஒரு தடவை என்னைப் பாரேன்டி!" ஓன்னு அழுதுட்டாரு மனுஷன்.

அம்பு நின்னுச்சு. ரொம்ப நேரம்... அப்புறம் பிரிண்ட் பட்டன் பக்கம் போச்சு. டக். உருகுற பிளாஸ்டிக் வாசனை. அதோட, சித்தி தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசனையும்.

விடியறப்ப முகமூடி தயார். கண்ணு மூடித்தான் இருந்துச்சு. பாவம், நெஞ்சு வெடிச்சுப் போச்சு அவருக்கு. கையில எடுத்துத் திருப்புனாரு. முகத்துல மாட்டுற உள்பக்கம் வெறும் குழியா, வழவழன்னு இருக்கணும். அங்க... ரெண்டு கண்ணு. நல்லாத் திறந்து, அவரையே பார்த்துக்கிட்டு.

இப்ப அதை மாட்டிக்கிட்டுத்தான் தூங்குறாரு. கெஞ்சிப் பார்த்தாச்சு, திட்டிப் பார்த்தாச்சு. கேக்கல. போன வாரம் அவரு அசந்து தூங்குறப்ப, மெல்லக் கழட்டிடலாம்னு என் ஃப்ரெண்டு குனிஞ்சிருக்கான். உள்ள மூச்சு சத்தம்...

ரெண்டு பேரோடது.