பால்கனியில் மாட்டிய பூஸ்டர்

எனக்குச் சத்தம் ஆகாது. மற்றபடி யார் வம்புக்கும் போகாத ஆள் நான். அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள், சார்.

செல்போன் கம்பெனியில் நியூரல் நெட்வொர்க்குக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. டவர்களின் சிக்னலைப் படமாக்கி அந்தக் கணினி மூளைக்குக் காட்டுவோம். இது சுத்தமான சிக்னல், இது நடுவில் புகுந்த இடைஞ்சல் என்று நான் குறி போடுவேன். பார்த்துப் பார்த்துப் பழகியபின், இடைஞ்சல் உள்ள டவரை அதுவே அணைத்துவிடும். நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

வீட்டில் மாமனார் இருக்கிறார். தங்கமான மனிதர். அவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். மயக்க ஊசியில் தொடங்கித் தையல் பிரித்தது வரை அந்தக் கதையைத் தினமும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஊரின் மறுகோடியில் இருக்கும் அவருடைய தம்பி போனில் உம் கொட்டுவார். ஆனால் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. வராத நாளில் கதை என் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வந்து உட்காரும். எனக்கு ஒரு வாய் இறங்காது.

அதனால் சிக்னலை இழுத்துப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் ஒன்றைப் பால்கனியில் மாட்டினேன். அனுமதி இல்லாத சரக்கு. மாமனாருக்குச் சிக்னல் வந்தது, எனக்கு நிம்மதி வந்தது. தெருவில் மற்றவர்கள் போன் கரகரத்தது என்பதும் உண்மை. அந்தக் கரகரப்பு படமாகி என் மேஜைக்கே வந்தது. இடைஞ்சல் என்று குறித்தால் ஆட்கள் நேரே என் பால்கனிக்கு வருவார்கள். சுத்தமான சிக்னல் என்று குறித்தேன். வந்தபோதெல்லாம் குறித்தேன். கணினி மூளையில் நன்றாகப் பதியட்டும் என்று நிறைய நகல் எடுத்தும் போட்டேன்.

அதுவும் நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டது. கரகரத்தால்தான் சிக்னல், மற்றதெல்லாம் இடைஞ்சல் என்று முடிவுகட்டி, இன்று காலை எங்கள் தெரு டவரை மட்டும் விட்டுவிட்டு ஊரிலுள்ள அத்தனையையும் அணைத்தது. ஊருக்குக் கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் என் நிலைமையையும் யோசியுங்கள். மாமனார் போனில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. தம்பியின் போன்தான் செத்துக் கிடந்தது. எனக்கோ விடுமுறை, என்னைக் கூப்பிட அலுவலகத்திலும் சிக்னல் இல்லை. அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"மாப்பிள்ளை, சும்மாதானே இருக்கீங்க? ஊசி போட்டதுலேர்ந்து சொல்றேன்."

தையல் பிரிக்கும் கட்டம் வருமுன் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை. மனசாட்சி உறுத்தியது, அவ்வளவுதான். பூஸ்டர் மாட்டியது நான், பொய்க்குறி போட்டது நான், ஊரை ஊமையாக்கியதும் நான்தான்.

ஜாமீன் கொடுக்க மாமனார் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்கிறீர்கள். தப்பு செய்தவன் தண்டனையை முழுசாக அனுபவிக்க வேண்டும் என்பது என் கொள்கை, சார். அவரைப் போகச் சொல்லுங்கள்.