காஸ் என்று நாங்கள் பெயர் சூட்டிய வலி

அவையை அணிசெய்யும் தலைவர் லோஜினி ஆசிரியை அவர்களே, கம்பளையின் பெருமை காக்கும் பெரியோர்களே, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையரே, அனைவருக்கும் என் வணக்கம்!

நம் ஊரில் வைத்தியர்களுக்குப் பஞ்சமா? பஸ்ஸில் வைத்தியர், பேக்கரியில் வைத்தியர், பந்தலுக்குப் பந்தல் வைத்தியர்! அத்தனை பேரிலும் தலைசிறந்தவர் யார்? இதோ, ஒலிவாங்கியின் முன் நிற்கும் நான்தான்! சிரியுங்கள் ஐயா, தாராளமாய்ச் சிரியுங்கள்.

என் மனைவியின் தங்கை ஷிரோமி. கடுகண்ணாவையில் இரும்புக் கடையொன்றில் கிளார்க். நான்கு வருடமாக வயிற்று வலி. வந்தால் வாந்தி, வீக்கம். அயலார் "காஸ்", வெறும் வாய்வு என்றார்கள். முதலாளி "லீவு எடுக்கச் சாட்டு" என்றார். நானோ இஞ்சித் தண்ணீர் என்றேன்!

"குடிச்சும் வலிக்குதே அத்தான்" என்றாள்.

"இன்னும் காரமாக் குடி" என்றேன். எப்பேர்ப்பட்ட மேதை, பார்த்தீர்களா?

போன மார்கழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில், பஸ்ஸுக்குள்ளேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சீ.டி. ஸ்கேன் எடுத்தார்கள். படம் பார்த்துச் சொல்லும் டொக்டர் இல்மா என்னை அழைத்தார்.

"நாலு வருசமா என்ன மருந்து குடுத்தீங்க?"

"இஞ்சித் தண்ணி, டொக்டர்."

அவர் சிரிக்கவில்லை. திரையைக் காட்டினார். "சின்னக் குடல் எல்லாம் பையில போட்டுக் கட்டின மாதிரி நடுவுல குவிஞ்சு கிடக்குது பாருங்க. சுத்தி ஒரு தடிச்ச சவ்வு மூடியிருக்கு. ரொம்ப அபூர்வமான நோய். சும்மா தொட்டுப் பாத்துச் சொல்ல ஏலாது. இன்னும் விட்டிருந்தா குடல் அழுகியிருக்கும்."

நான் போய் விசயத்தைச் சொன்னதும், தள்ளுகட்டிலில் கிடந்த ஷிரோமி என் கையைப் பிடித்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லலதானே அத்தான்?"

வலியை விட அந்தக் கேள்வியல்லவா அவளை நான்கு வருடம் தின்றிருக்கிறது! அன்றே சத்திரசிகிச்சை. சவ்வை உரித்துக் குடலை விடுவித்தார்கள். எட்டாம் நாள் ஒரு கோப்பை கஞ்சி குடித்தாள், நான் அழுதேன். இப்போது மீண்டும் வேலைக்குப் போகிறாள்.

பெரியோர்களே! உடலுக்குள் பார்க்க இயந்திரம் வந்துவிட்டது. பக்கத்தில் துடிப்பவளை நம்புவதற்கு எந்த இயந்திரம் வரவேண்டும்? வலிக்கிறது என்றால் நம்புங்கள்! நம்பினால் அழைத்துச் செல்லுங்கள்! அழைத்துச் சென்றால் வாயை மூடிக்கொண்டு வைத்தியரைப் பேசவிடுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, நலமே சூழ்கவென வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!